ஒரே கடை, ரெண்டு அகப்பக்கம், நடுவில் ஒரு கோடு: எதை வைப்பது, எதை மூடுவது?

பூக்கடைப்பிள்ளை (ஜார்ஜ்டவுன்), திங்கள் இரவு 11.12

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் அப்பாவுக்குப் பூக்கடை. மாலை, சரம், கோயில் ஆர்டர், கல்யாண மணவறை அலங்காரம். அப்பாவும் ரெண்டு அக்காமாரும் மாலை கட்டுவார்கள். கணினியில் கட்ட வேண்டியது எதுவானாலும் என் தலையில்.

எங்களுக்கு ரெண்டு அகப்பக்கம் இருக்கிறது. மூத்தது டாட் காம் டாட் மை, கடைப் பெயர் ஒரே சொல்லாக. இளையது டாட் காம், அதே பெயர்தான், நடுவில் ஒரு சின்னக் கோடு. ரெண்டாவதைச் செய்து கொடுத்தவர் சொன்ன நியாயம் இது: கூகுள் முதல் பக்கத்தில் பத்து இடம், ஒரு தளம் வைத்தால் ஒரு இடம், ரெண்டு வைத்தால் ரெண்டு இடம், போட்டிக் கடைக்கு ஒன்று குறையும். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. மூத்ததில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டு, நிறத்தை மாற்றி, மேலே வேறு படம் வைத்தார். வேலை முடிந்தது.

முன்பு கல்யாண மாலை, பினாங்கு என்று ஆங்கிலத்தில் தேடினால் மூத்தது மூன்றாவது நான்காவது இடத்தில் நிற்கும். இப்போது ஒரு வாரம் இது வருகிறது, மறு வாரம் அது வருகிறது. ரெண்டும் சேர்ந்து வந்ததை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. பல நாள் ரெண்டுமே ரெண்டாம் பக்கத்தில்.

இதைவிடப் பெரிய கூத்து போன மாதம். வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.40க்கு சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு அம்மா போன். "தம்பி, ஆறு மணிக்கு ஆள் வருது, மாலை ரெடியா?" எந்த மாலை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோடு போட்ட தளத்தின் படிவத்தில் ரெண்டு வாரத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். அது போய்ச் சேரும் மின்னஞ்சலை யாரும் திறப்பதே இல்லை. கோயிலுக்கு எடுத்து வைத்திருந்த ரோஜாவையும் சாமந்தியையும் உருவி, அக்கா நாரை நனைக்கக்கூட நேரமில்லாமல் எச்சிலில் தொட்டுத் தொட்டு முறுக்கினாள். ஆறே காலுக்கு ஒரு ஜோடி போனது. மல்லிகை கேட்டவர்களுக்கு மல்லிகை இல்லை. பாதிப் பணம்தான் வாங்கினோம். அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒன்றை மூடிவிடலாமா? மூடினால் இருக்கும் இடமும் போய்விடுமா?


செந்தூல்காரன் (கோலாலம்பூர்), திங்கள் இரவு 11.40

மூடாதீர்கள் தம்பி. மின்னஞ்சலைச் சரி பண்ணுங்கள், போதும். ஆனால் நகல் எழுத்து வைத்திருந்தால் கூகுள் அபராதம் போடும், தளத்தையே தூக்கிவிடும். ரெண்டாவதில் வாக்கியங்களை மட்டும் மாற்றி எழுதிவிடுங்கள். மஸ்ஜித் இந்தியா பக்கம் எனக்குத் தெரிந்த துணிக்கடைக்கு மூன்று தளம் ஓடுகிறது.


மறுமுனை (சைபர்ஜெயா), செவ்வாய் காலை 8.05

செந்தூல் அண்ணே, அபராதக் கதை பல வருடமாக ஊர் சுற்றுகிறது. ஒரே எழுத்து ரெண்டு முகவரியில் இருப்பதற்காக மட்டும் கூகுள் யாரையும் தண்டிப்பதில்லை. ஒன்று போலிருக்கும் பக்கங்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து, அதில் ஒன்றை மட்டும் பிரதிநிதியாக எடுத்துக் காட்டும். மற்றது பின்னால் நிற்கும். தம்பி சொன்ன "ஒரு வாரம் இது, மறு வாரம் அது" இதனால்தான். ரெண்டும் சேர்ந்து வராததற்கும் இதே காரணம்.

2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கெனானிக்கல் என்ற குறியைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான்: எது மூலம், எது நகல் என்று தளக்காரரே சொல்லிவிட. நீங்கள் சொல்லாவிட்டால் கூகுள் தானே முடிவெடுக்கும். அதுவும் தளத்துக்கு ஒரு முடிவு இல்லை, பக்கத்துக்குப் பக்கம்.

அதற்குள் ஒரு நஷ்டம் நடக்கிறது. உங்கள் கடையைப் பற்றி யாராவது எழுதி இணைப்புக் கொடுத்தால் ஒருவர் கோடு உள்ளதற்குக் கொடுப்பார், இன்னொருவர் கோடு இல்லாததற்கு. பூக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு ஆள் மாலைக்குக் கட்டிய சரத்தை ரெண்டாக அறுத்து ரெண்டு கழுத்தில் போட்டால் ரெண்டுமே நெஞ்சுக்கு வராது.

வாக்கியத்தை மாற்றி எழுதும் யோசனை இன்னும் மோசம். முகவரியிலும் முகப்பிலும் சின்னச் சின்ன மாற்றம் செய்து, ஒரே தேடலைப் பிடிக்கப் பல தளம் வைப்பதை கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் எடுத்துக்காட்டாகவே எழுதி வைத்திருக்கிறது. டோர்வே, அதாவது வாசல் பக்கம் என்று பெயர். நகலாக இருந்தவரை அசட்டுத்தனம். வேண்டுமென்றே வேறு மாதிரி எழுதினால் ஏமாற்று. அபராதம் வருவது அங்கேதான்.


செந்தூல்காரன், செவ்வாய் காலை 8.31

அப்போ அந்தத் துணிக்கடை எப்படி ஓடுகிறது?


மறுமுனை, செவ்வாய் காலை 8.50

ஓடுகிறது என்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம் அண்ணே. வாசலில் நிற்கும் கூட்டமும் ஒரு காரணம். அவர்களுடைய கணக்கை நான் பார்த்ததில்லை.

செய்து கொடுத்தவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2019 ஜூனில் கூகுள் ஒரு மாற்றம் செய்தது: ஒரே தளத்திலிருந்து மேல் முடிவுகளில் பெரும்பாலும் ரெண்டுக்கு மேல் காட்டமாட்டோம், துணை டொமைனும் (டொமைன் என்பது தளத்தின் முகவரிப் பெயர்; அதற்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தால் துணை) அதே தளத்தின் கணக்கில்தான் என்று. அதைப் படித்தவர்கள் "அப்போ தனி டொமைன் எடுத்துவிடுவோம்" என்று கிளம்பினார்கள். தனித் தளத்தில் தனிச் சரக்கு இருந்தால் அது சரி. அதே சரக்கு என்றால் பழைய கதைதான்.


தண்ணீர்மலை அக்கா (பினாங்கு), செவ்வாய் மதியம் 1.15

நானும் ரெண்டு தளம் வைத்திருக்கிறேன், நல்லாத்தான் போகிறது. அதனால் ரெண்டே கூடாது என்று சொல்லாதீர்கள்.

எனக்குப் பலகார வியாபாரம். ஒரு தளம் வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு: முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, தீபாவளி டப்பா. இன்னொன்று கடைக்காரர்களுக்கு: மொத்த விலை, கிலோ கணக்கு, லோரி எந்த நாள் எந்த ஊருக்குப் போகும். பெயர் கொஞ்சம் ஒத்துப்போகும், ஆனால் ஒரு வரி பொதுவில் கிடையாது. நெய் உருண்டை தேடுகிற அம்மாவும், ஐம்பது கிலோ முறுக்கு எடுக்கிற மளிகைக் கடைக்காரரும் ஒரே வார்த்தையைத் தட்டுவதில்லை. ஆள் வேறு, கேள்வி வேறு, அதனால் தளம் வேறு.

தம்பி, உன் கோடு போட்ட தளத்துக்கு வரும் ஆள் யார்? அதைச் சொல்.


பூக்கடைப்பிள்ளை, செவ்வாய் இரவு 10.20

அதே ஆள்தான் அக்கா. மாலை வேண்டும் என்பவர்தான். வித்தியாசம் எதுவும் இல்லை.

இன்னொரு சந்தேகம். பெயரில் பூ, மாலை, பினாங்கு போன்ற வார்த்தை இருந்தால் மேலே வரும் என்கிறார்கள். பூமாலை என்பதையே ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதுகிறோம், ஓ ரெண்டு போட்டு, யூ போட்டு, கடைசியில் ஏ ரெண்டு போட்டு. எல்லாவற்றுக்கும் ஒரு தளம் போடலாமா என்றுகூட ஒரு காலத்தில் யோசித்தேன், சிரிக்காதீர்கள்.


பசியோடு (பிறை), செவ்வாய் இரவு 10.26

சிரித்துவிட்டேன்.


மறுமுனை, செவ்வாய் இரவு 11.05

பெயரில் வார்த்தையைத் திணித்தால் மேலே ஏறும் காலம் ஒன்று இருந்தது. 2012 செப்டம்பரில் கூகுள் அதில் கை வைத்தது: தேடும் வார்த்தையையே பெயராக வைத்துக்கொண்டு உள்ளே ஒன்றுமில்லாத தளங்களை இறக்கியது. கோடு இருப்பதாலோ இல்லாததாலோ இடம் மாறுவதில்லை. கோட்டின் கஷ்டம் வேறு. போனில் பெயர் சொல்லும்போது "நடுவில் கோடு போடுங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும், பாதிப் பேர் போடமாட்டார்கள்.

மாற்று எழுத்துப் பெயர்களை வாங்கி வைக்கலாம், தப்பில்லை. தளம் போடாமல் அத்தனையையும் பிரதானத் தளத்துக்குத் திருப்பிவிட வேண்டும். மற்றபடி எழுத்துப் பிழையைத் தேடுபொறியே பெரும்பாலும் புரிந்துகொள்ளும்.

(தமிழிலேயே பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பேன். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் டாட் மை மாதிரி நாட்டு முடிவு தமிழ் எழுத்திலேயே உண்டு. நம் நாட்டுக்கு ஜாவி எழுத்தில்தான், அதாவது மலாய்க்கான அரபு வடிவ எழுத்தில்தான் இருக்கிறது.)


பட்டர்வொர்த் பெர்ரி, புதன் காலை 7.30

குறுக்கே ஒன்று. ரெண்டாவது தளம் வேண்டும் என்று கை அரிக்கிறது என்றால் அந்த உழைப்பை மலாய்ப் பக்கத்தில் போடுங்களேன். மாலை வாங்குகிறவர்கள் நம் ஆட்கள் மட்டும் இல்லை. அலுவலகத் திறப்பு விழா, விருந்தினர் வரவேற்பு என்று கேட்பவர்கள் கெடாய் பூங்கா, அதாவது மலாயில் பூக்கடை என்றுதான் தட்டுவார்கள். (நம் பிள்ளைகள் படித்தால் பூங்காவில் கடை என்று நினைப்பார்கள்.) அதற்குத் தனி டொமைன் வேண்டாம். அதே தளத்தில் மலாய்க்கு ஒரு பிரிவு, தமிழுக்கு ஒரு பிரிவு, எது எந்த மொழி என்று சொல்ல எச்ரெஃப்லாங் குறி. மொழிபெயர்ப்பை கூகுள் நகலாகக் கணக்கிடுவதில்லை.


மறுமுனை, புதன் காலை 8.12

பெர்ரி சொன்னது நல்ல வழி. தம்பி, அதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். சர்ச் கன்சோலில் (தளக்காரர்களுக்கு கூகுள் தரும் கருவி) ரெண்டு தளத்தையும் சேர்த்து, முக்கியமான பக்கங்களை ஒவ்வொன்றாக யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போடுங்கள். கூகுள் எந்த முகவரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று காட்டும். அடுத்து, வெளியிலிருந்து எத்தனை பேர் எதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது, ரெண்டு டொமைனும் யார் பேரில் பதிவாகியிருக்கிறது. மூன்றாவதை முதலில் பாருங்கள்.


பூக்கடைப்பிள்ளை, புதன் இரவு 11.48

பார்த்தேன். வயிற்றைக் கலக்குகிறது.

கல்யாண மாலைப் பக்கத்துக்கு கூகுள் எடுத்திருப்பது கோடு இல்லாதது. விலைப் பட்டியலுக்கு எடுத்திருப்பது கோடு போட்டது, அதில் இருப்பது பழைய விலை! மணவறைப் பக்கம் மறுபடி கோடு இல்லாதது. ஒரே கடை, ஆளுக்குப் பாதி.

இணைப்புகள்: ரெண்டு கல்யாணப் புகைப்படக்காரர்கள், ஒரு கோயில் பக்கம், ஒரு மண்டபம், எல்லாமே டாட் காம் டாட் மைக்கு. கோடு போட்டதற்கு எங்கள் முகநூல் மட்டும். கூகுள் மேப்பில் நம் கடையைத் தட்டினால் போவது எதற்குத் தெரியுமா? கோட்டுக்கு. எண்ணும் பழைய எண்.

டாட் காம் டாட் மை எடுக்க எஸ்எஸ்எம் பதிவு (அரசாங்கத்தின் வணிகப் பதிவு) கேட்டார்கள், அது அப்பாவின் கடைப் பேரில் பத்திரமாக இருக்கிறது. டாட் காமோ, அதைச் செய்து கொடுத்தவர் பேரில். ஆள் இப்போது ஈப்போவில் வேறு தொழில் பார்க்கிறார்.


தண்ணீர்மலை அக்கா, வியாழன் காலை 6.50

அந்த மனிதரை இன்றைக்கே பிடி. சண்டை வேண்டாம், மரியாதையாகக் கேள், இத்தனை வருடம் கட்டிய புதுப்பிப்புக் காசைக் கொடுத்துவிடு. "கிடக்கட்டும், காலாவதி ஆகட்டும்" என்று மட்டும் விட்டுவிடாதே.

நான் போகும் ஒரு சங்கத்தில் அப்படித்தான் விட்டார்கள். புதுத் தளம் வந்துவிட்டதே, பழைய பெயர் எதற்கு என்று. கொஞ்ச நாள் கழித்து தேவார வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க ஒரு தாய் பழைய முகவரியைத் தட்டியிருக்கிறாள். ஸ்லாட் சூதாட்டம் வந்து நிற்கிறது, மேலே மட்டும் சங்கத்தின் பெயர். பழைய அழைப்பிதழ், பழைய பேனர் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான்.


மறுமுனை, வியாழன் காலை 8.20

அக்கா சொன்னது அடிக்கடி நடக்கிறது. பழைய இணைப்புகள் உள்ள பெயரைக் காத்திருந்து எடுப்பதே சிலருக்குத் தொழில். டாட் காம் காலாவதியான பிறகு பதிவாளர், அதாவது பெயரை விற்ற நிறுவனம் தரும் சலுகை நாட்கள் போனால், மீட்பதற்கு 30 நாள் உண்டு, காசு கூட. அதன் பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது, ஆறாவது நாள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

எதை வைப்பது என்பதில் இனி எனக்குச் சந்தேகமே இல்லை. கோடு இல்லாததை வையுங்கள். உங்கள் பேரில் இருக்கிறது, இணைப்பு அதற்குத்தான், நாட்டு முடிவு இருப்பதால் மலேசியாவுக்கானது என்று கூகுளுக்கும் தெரியும்.

கோடு போட்டதை மூடாதீர்கள், திருப்பிவிடுங்கள். 301, நிரந்தரத் திருப்பம். 302 தற்காலிகம், அது வேண்டாம். இங்கே எல்லாரும் சறுக்கும் இடம்: அத்தனை பக்கத்தையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடுவார்கள். மணவறைப் படம் பார்க்க வந்தவர் முகப்பில் விழுந்தால் திரும்பிப் போய்விடுவார், கூகுளும் அந்தப் பக்கம் இல்லாமல் போனதாகவே எடுத்துக்கொள்ளும். மணவறை மணவறைக்கு, விலை விலைக்கு, ஒன்றுக்கு ஒன்று. கோடு போட்டதில் மட்டும் இருக்கும் பக்கம் ஏதாவது உண்டா? இருந்தால் முதலில் அதை இங்கே கொண்டுவந்துவிட்டு அப்புறம் திருப்புங்கள்.

பதிவாளர் தளத்தில் மாஸ்கிங் என்று ஒரு வசதி காட்டும். தொடாதீர்கள். அது திருப்பம் இல்லை, பழைய முகவரிக்குள்ளேயே புதுத் தளத்தைப் படச்சட்டம் போட்டது மாதிரி காட்டுவது.


பட்டர்வொர்த் பெர்ரி, வியாழன் காலை 9.02

ஒன்று விட்டுவிட்டீர்கள். பழைய டொமைனுக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளம் பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டுவது) உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்துக்கு முன்னாலேயே உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டி ஆளை நிறுத்திவிடும். நான் என் மாமா கடைக்கு இதைச் செய்தபோது 301 எல்லாம் சரி, இலவசச் சான்றிதழ் 90 நாளில் முடிந்து புதுப்பிக்காமல் போய், ஒரு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறி எங்கே வரலாம், வரக் கூடாது என்று சொல்லும் கோப்பு) பழைய தளத்தை அடைக்காதீர்கள். அடைத்தால் கூகுள் உள்ளேயே வராது, திருப்பியிருப்பது அதற்கு எப்படித் தெரியும்?


செந்தூல்காரன், வியாழன் காலை 9.30

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் லா. ஆனால் ஒரு கேள்வி. பிரிக்பீல்ட்ஸில் இதே பெயரில் வேறு ஒருவர் பூக்கடை வைத்து, அவரும் இதுபோல் ஒரு டொமைன் எடுத்தால்?


மறுமுனை, வியாழன் காலை 9.55

அவருக்கும் அந்தப் பெயரில் நியாயமான கடை இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, முருகன் பெயரில் எத்தனை கடை இருக்கிறது. உங்கள் பெயரைப் பிடித்து வைத்துக் காசு கேட்கும் கெட்ட எண்ணம் இருந்தால் கதை வேறு. டாட் மை வகைப் பெயர்களுக்கான வழக்கைக் கோலாலம்பூரில் இருக்கும் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் விசாரிக்கும். மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) வணிகச் சின்னம் பதிந்திருந்தால் கை ஓங்கும். பூக்கடைக்கு அந்தச் செலவு தேவையா என்பது அப்பாவைக் கேட்க வேண்டிய கேள்வி.


பூக்கடைப்பிள்ளை, ஞாயிறு மாலை 4.10

ஈப்போக்காரர் நல்ல மனிதர். டொமைனை எங்கள் பேருக்கு மாற்றும் குறியீட்டை அன்றே புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிட்டார், காசு வேண்டாம், மகள் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி மாலை போதும் என்றார்.

கோடு போட்டதில் 23 பக்கம். 19 அப்படியே நகல். நாலு மட்டும் புதிது, எல்லாம் மணவறைப் படங்கள். அந்த நாலையும் இங்கே சேர்த்துவிட்டேன், 23க்கும் ஒவ்வொன்றாகத் திருப்பம் எழுதினேன், ஒவ்வொன்றையும் என் போனில் தட்டிப் பார்த்தேன். மேப், முகநூல், எண் எல்லாம் ஒன்றாக்கியாயிற்று. படிவம் இனி நேராகக் கடைப் புலனத்துக்கு வரும். சர்ச் கன்சோலில் முகவரி மாற்றமும் கொடுத்துவிட்டேன். இந்தத் திருப்பத்தை எத்தனை நாள் வைக்க வேண்டும்?


மறுமுனை, ஞாயிறு மாலை 5.00

குறைந்தது ஒரு வருடம் என்கிறது கூகுள். அக்காவின் சங்கக் கதையைக் கேட்ட பிறகு நான் சொல்வது: காசு கட்ட முடிகிறவரை. முதல் சில வாரம் இடம் ஏறும் இறங்கும், பதறி எதையும் மாற்றாதீர்கள்.


பூக்கடைப்பிள்ளை, மூன்று மாதம் கழித்து, சனி இரவு 10.35

தகவல் சொல்லாமல் போய்விடக் கூடாது என்று வந்தேன். முதல் மூன்று வாரம் பயமாக இருந்தது, மூன்றாம் பக்கத்துக்கே போனது. தூக்கம் வரவில்லை, ஆனால் மறுமுனை சொன்னதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது பழையபடி நான்காவது ஐந்தாவது இடம். வாரத்துக்கு வாரம் ஆள் மாறுவது நின்றுவிட்டது. கோடு போட்ட முகவரி எங்காவது ஒன்றிரண்டு தேடலில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. மலாய்ப் பக்கம் இன்னும் எழுதவில்லை பெர்ரி அண்ணே, எழுதுவேன்.

ஒரே ஒரு சிக்கல். கோடு போட்ட முகவரி அச்சடித்த பூப்பை இன்னும் 1,800 கடையில் இருக்கிறது. தூக்கிப் போடலாம் என்றேன். "திருப்பி விட்டுட்டேன்னு சொன்னியே, அப்புறம் எதுக்குப் போடணும்?" என்று அப்பா கேட்டார். பதில் இல்லை. பை தீரும்வரை அந்தக் கோட்டுக்கு நான் வருடா வருடம் காசு கட்டியாக வேண்டும்.


பசியோடு, சனி இரவு 10.41

எனக்கு ஒரு நூறு அனுப்பு. தாப்பாவ் (சாப்பாட்டுப் பார்சல்) கட்ட ஆகும்.